ஐந்து வோல்ட்டில் எழுதுதல்: வீட்டில் உருவாகும் கேம் கார்ட்ரிட்ஜும் ஃபிளாஷ் நினைவகமும்

பழைய வீடியோ கேம் கார்ட்ரிட்ஜைத் திருகு கழற்றித் திறந்தால் உள்ளே ஒரு சிறு பச்சைப் பலகை, அதன் ஓரத்தில் முலாம் பூசிய தொடுமுனைகள், மேலே ஓரிரண்டு சிப்கள், அவ்வளவுதான். விளையாட்டின் நிரல் முழுவதும் அவற்றுள் ஒன்றில் அடங்கியிருக்கிறது. இன்று நிண்டெண்டோவின் கேம் பாய்க்கும் ஃபேமிகாமுக்கும் புதிதாக விளையாட்டு எழுதி, அதைத் தாங்களே சிப்பில் பதித்து, முப்பது நாற்பது ஆண்டுப் பழைய கருவியில் செருகி ஓடவிடும் தனிமனிதர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். 1980களில் தொழிற்சாலைகளின் கையில் மட்டும் இருந்த வேலை இது. அது வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஃபிளாஷ் நினைவகம் கண்டுபிடிக்கப்பட்டதால்தான் இது கைகூடியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கில் திருப்பம் 1984. கார்ட்ரிட்ஜின் வரலாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால், திருப்பம் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியது என்பது என் முடிவு. எழுதுவதற்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் சிப்புக்கு வெளியே இருந்தவரை கார்ட்ரிட்ஜ் படிக்க மட்டுமே உதவியது. அந்த மின்னழுத்தம் சிப்புக்குள்ளேயே உற்பத்தியாகத் தொடங்கிய பிறகுதான் கார்ட்ரிட்ஜ் எழுதத்தக்க பொருளாயிற்று.

அச்சில் வார்த்த விளையாட்டு

நிரலை ரோம் சிப்பில் வைத்து, மாற்றிச் செருகும் கார்ட்ரிட்ஜாக விற்ற முதல் வீட்டுக் கருவி ஃபேர்சைல்ட் சேனல் எஃப். ஆல்பெக்ஸ் நிறுவனத்தில் வாலஸ் கிர்ஷ்னரும் லாரன்ஸ் ஹாஸ்கெலும் உருவாக்கிய யோசனையை, ஜெர்ரி லாசன் தலைமையிலான ஃபேர்சைல்ட் குழு கடைக்கு வரும் பொருளாக்கி 1976 நவம்பரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அட்டாரியின் கருவி வந்தது. 1983இல் ஜப்பானில் ஃபேமிகாம், 1989இல் கேம் பாய். இவற்றின் கார்ட்ரிட்ஜுகளில் பெரும்பாலும் இருந்தது மாஸ்க் ரோம். சிலிக்கான் தகட்டில் அடுக்கடுக்காகப் படலங்களை உருவாக்கும்போது, அவற்றுள் ஒன்றின் வடிவமே தரவாக அமைந்துவிடும். அந்த வடிவத்துக்கான மாஸ்க்கைச் செய்வதற்குப் பெரும் செலவு. செய்தபின் ஒவ்வொரு பிரதியும் மலிவு. எனவே ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் கட்டுப்படியாகும். வார்த்தபின் ஒரு பைட்கூட மாறாது. நிரலில் பிழை இருந்தால் புதிய மாஸ்க்தான் வழி.

1990களில் நம் ஊர்க் கடைகளில் டிவி கேமுக்கு விற்ற மஞ்சள், சிவப்புக் ‘கேசட்’டுகள் இந்த முறையின் மிக மலிவான வடிவம். அவை ஃபேமிகாமின் நகல் கருவிகளுக்கானவை. பலவற்றைத் திறந்தால் கால்கள் கொண்ட சிப்பே இராது. பலகையில் ஒட்டிய சிலிக்கான் துண்டின் மேல் கறுப்புப் பிசின் குமிழாகப் படிந்திருக்கும். அந்தச் சிப்பைக் கழற்றி வேறொன்றை வைக்க வழியில்லை.

கண்ணாடிச் சாளரமும் புற ஊதா விளக்கும்

தொழிற்சாலைக்கு வெளியே எழுதத்தக்க நினைவகம் அப்போதே இருந்தது. மின்காப்பால் நாற்புறமும் சூழப்பட்ட ‘மிதக்கும் வாயில்’ ஒன்றில் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்தித் தரவைச் சேமிக்கலாம் என்ற கருத்தை பெல் ஆய்வகத்தில் டாவோன் காங்கும் சைமன் ஸீயும் 1967இல் முன்வைத்தனர். 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் இபிரோம் சிப்பை உருவாக்கினார். முதல் சிப்பான 1702இன் கொள்ளளவு 256 பைட். சிப்பின் தலையில் குவார்ட்ஸ் சாளரம் இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளியைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பாய்ச்சினால் சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் வெளியேறி, சிப் மொத்தமாக வெறுமையாகும். எழுதி முடித்ததும் சாளரத்தின் மேல் ஒளிபுகா ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். விளையாட்டு நிறுவனங்கள் தங்கள் சோதனைப் பிரதிகளை இபிரோமில்தான் வைத்திருந்தன.

தனிமனிதர்களின் கார்ட்ரிட்ஜும் இங்கேதான் தொடங்குகிறது. அட்டாரி 2600க்கு எட் ஃபெடர்மேயர் எழுதிய ‘எட்ரிஸ் 2600’ 1995இல் வந்தது. அக்கருவிக்கு வணிக நோக்கின்றித் தனிமனிதர் எழுதிய விளையாட்டுகளின் வரிசை அதை ஒட்டியே நீண்டது. அட்டாரி கார்ட்ரிட்ஜுக்கு 4 கிலோபைட் முகவரி இடம் உண்டு. 2732 என்ற இபிரோமின் அளவும் அதுவே. ஆனால் அட்டாரியின் தேர்வுக் கோடு உயர்நிலைக்கு வரும்போது ரோம் விழிக்க வேண்டும், இபிரோமோ தாழ்நிலையில்தான் விழிக்கும். ஆகவே இடையில் 7404 போன்றதொரு தலைகீழாக்கும் சிப்பையும் வைத்துப் பற்றவைத்தார்கள். புதுப் பலகைகள் எளிதில் கிடைக்காத காலம் அது. பழைய விளையாட்டு ஒன்றின் ரோமைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே பலகையைப் பயன்படுத்தினார்கள். ஒரு விளையாட்டை அழித்து இன்னொன்றைச் செய்யும் இந்தப் பழக்கத்தை நியாயப்படுத்துவது எனக்குக் கடினம், அந்த விளையாட்டு எவ்வளவு மலிவானதாக இருந்தாலும்.

இபிரோமின் பெரிய தடை மின்னழுத்தம்தான். படிக்க 5 வோல்ட் போதும். எழுத 2716க்கு 25 வோல்ட் வேண்டும், பின்வந்தவற்றுக்கு 12.5 வோல்ட். கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகளில் அந்த மின்னழுத்தம் கிடையாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் சிப்பைக் கழற்றி, விளக்கின் கீழ் வைத்து, புரோகிராமர் என்ற எழுதுகருவியில் செருகி, திரும்பக் கொண்டுவர வேண்டும்.

12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு

தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா, மின்சாரத்தாலேயே ஒரே வீச்சில் அழியும் நினைவகத்தை 1984இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அறிவித்தார். அழியும் வேகம் கேமராவின் மின்னல் ஒளியை நினைவூட்டியதால் சக ஊழியர் ஷோஜி அரிஇசுமி ‘ஃபிளாஷ்’ என்ற பெயரைச் சொன்னார் என்பது வழங்கிவரும் செய்தி. 1988இல் இன்டெல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புற ஊதா விளக்கு தேவையற்றுப் போனது. ஆனால் எழுதவும் அழிக்கவும் தனியாக 12 வோல்ட் இன்னும் தேவைப்பட்டது. கார்ட்ரிட்ஜ் செய்பவருக்கு இது பாதி விடுதலை மட்டுமே.

மீதிப் பாதி 1990களின் தொடக்கத்தில் ஏஎம்டியின் 29எஃப் வரிசையுடன் வந்தது. சிப்புக்குள்ளேயே மின்னேற்ற விசைச்சுற்று ஒன்று அமர்ந்து, 5 வோல்ட்டை எடுத்துத் தனக்கு வேண்டிய உயர் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது. கம்ப்யூட்டர் தாய்ப்பலகையில் பயாஸ் நிரலைக் கழற்றாமலே புதுப்பிக்க வேண்டியிருந்தது. இத்தகைய சிப்களுக்குப் பெரிய சந்தையாக அமைந்தது அந்தத் தேவைதான். கேம் உலகம் அதில் ஒதுங்கி நின்று பயன்பெற்றது.

மின்னழுத்தம் உள்ளே போனதும் ஒரு புதிய ஆபத்து எழுந்தது. முன்பு 12 வோல்ட் இணைக்காதவரை சிப் பூட்டியே இருந்தது. இப்போது தவறான ஒரு துடிப்பு வந்தாலும் தரவு கெடலாம். அதனால் பூட்டு மின்கம்பியிலிருந்து கட்டளை வரிசைக்கு மாறியது. இன்றும் பரவலாகப் புழங்கும், எஸ்எஸ்டி நிறுவனத்தின் 39எஸ்எஃப்040 சிப்பில் ஒரு பைட் எழுத வேண்டுமானால், பதினாறெண் முறையில் 5555 என்ற முகவரிக்கு ஏஏ, 2ஏஏஏ முகவரிக்கு 55, மறுபடியும் 5555க்கு ஏ0, அதன்பின் எழுத வேண்டிய முகவரிக்கு எழுத வேண்டிய பைட். முதல் மூன்றும் திறவுகோல். தறிகெட்டு ஓடும் நிரல் தற்செயலாக இந்த வரிசையை உண்டாக்குவது ஏறத்தாழ நடக்காத காரியம். எழுதும்போது 1 என்ற பிட்டை 0 ஆக்கத்தான் முடியும். 0வை 1 ஆக்க, 4 கிலோபைட் பகுதி ஒன்றையாவது முழுதாக அழித்தாக வேண்டும். எழுதி முடிந்ததா என்பதையும் சிப்பிடமே கேட்கலாம்: வேலை நடக்கும்வரை, எழுதிய பைட்டின் ஏழாம் பிட்டைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு பைட்டுக்கு அதிகபட்சம் 20 மைக்ரோ விநாடி. 512 கிலோபைட்டும் நிரம்பச் சிப்பளவில் பத்து விநாடிக்குச் சற்றே கூடுதலாகும்.

இதன் பயனை முதலில் பெருமளவில் காட்டியது நிண்டெண்டோவே. 1997இல் ஜப்பானின் லாசன் கடைகளில் ‘நிண்டெண்டோ பவர்’ சேவை தொடங்கியது. 32 மெகாபிட் ஃபிளாஷ் கொண்ட சூப்பர் ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜை வாங்கி, கடையிலுள்ள இயந்திரத்தில் விரும்பிய விளையாட்டைப் பதிந்துகொள்ளலாம். 2000இல் கேம் பாய்க்கும் இது விரிந்தது. 2007இல் முடிவுக்கு வந்தது. அதே காலத்தில் ஹாங்காங்கின் பங் நிறுவனம் கேம் பாய்க்கு ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜுகளையும் எழுதும் கருவியையும் விற்றது. நிண்டெண்டோ அதன்மீது வழக்குத் தொடுத்தது. நகலெடுக்கவும் சொந்தமாக எழுதவும் ஒரே கருவி பயன்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சிப்பில் எழுதிவிட்டால் மட்டும் போதாது, கருவி வைத்திருக்கும் பூட்டையும் தாண்ட வேண்டும். கேம் பாய் இயங்கத் தொடங்கும்போது கார்ட்ரிட்ஜில் 48 பைட் அளவில் நிண்டெண்டோவின் சின்னம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும், இல்லையென்றால் நின்றுவிடும். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸிலோ கருவிக்குள்ளும் கார்ட்ரிட்ஜுக்குள்ளும் தனித்தனிப் பூட்டுச் சிப்கள் உரையாடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒத்தியங்குவதற்காக நிரலைப் பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடே என்று 1992இல் சேகா–அக்கோலேட் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, பிற்காலத்து ஆர்வலர்களுக்கு உறுதுணையாயிற்று.

தனக்குத்தானே எழுதும் கார்ட்ரிட்ஜ்

வீட்டுக் கார்ட்ரிட்ஜ் வடிவமைப்பில் தொழில்நுட்ப நயம் கூடிய இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். கேம் பாயின் கார்ட்ரிட்ஜ் செருகியில் 32 தொடுமுனைகள். படிக்கவே பிறந்த ரோமுக்கு எழுத்துக் கோடு எதற்கு? அசல் பலகைகளில் அது ரோமைச் சென்றடைவதே இல்லை. கார்ட்ரிட்ஜிலிருந்து ஒலி அனுப்பவென 31ஆம் முனை ஒன்று விடப்பட்டிருந்தது. அதை எந்த விளையாட்டும் பொருட்படுத்தியதில்லை எனலாம். ஃபிளாஷ் பலகை வடிவமைத்தவர்களில் பலர் அந்த முனையையே சிப்பின் எழுத்துக் காலுடன் இணைத்தார்கள். கருவிக்குள் இருக்கும்போது அது சும்மா இருக்கும். யுஎஸ்பி எழுதுகருவியில் செருகினால் அதுவே எழுதும் கோடு. கார்ட்ரிட்ஜை மூடியபடியே விளையாட்டை மாற்றலாம்.

அடுத்தது என்இஎஸ் உலகின் ‘யுன்ரோம் 512’ பலகை. இதில் 39எஸ்எஃப்040 சிப் 16 கிலோபைட் வீதம் 32 பகுதிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியாகச் செயலியின் 8000 முதல் பிஎஃப்எஃப்எஃப் வரையிலான முகவரிகளில் தோன்றும். விளையாட்டே தன் சிப்பில் எழுத விரும்பினால் திறவுகோல் முகவரிகளுக்குப் பகுதி மாற்றி மாற்றித்தான் போயாக வேண்டும். சிப்பின் 5555 என்பது 1ஆம் பகுதியில் இருக்கிறது. செயலிக்கு அது 9555. சிப்பின் 2ஏஏஏ 0ஆம் பகுதியில், செயலிக்கு ஏஏஏஏ. ஆக 1ஆம் பகுதியைத் திறந்து ஏஏ, 0ஆம் பகுதியைத் திறந்து 55, மீண்டும் 1ஆம் பகுதியில் ஏ0, பிறகே உரிய பகுதியும் பைட்டும். இதற்கிடையில் இன்னொரு சிக்கல்: எழுதிக்கொண்டிருக்கும்போது சிப்பைப் படித்தால் நிரலுக்குப் பதில் நிலைக்குறியே வரும். செயலி அடுத்த கட்டளையை அங்கே தேடினால் தடுமாறும். எனவே எழுதும் சிறு நிரலைக் கருவியின் 2 கிலோபைட் ராமுக்கு நகலெடுத்து, அங்கிருந்து ஓட்டுகிறார்கள். இதன் விளைவு கண்கூடானது. விளையாடியவரின் முன்னேற்றத்தைச் சேமிக்க முன்பு கார்ட்ரிட்ஜில் பேட்டரி வைப்பது வழக்கம். பேட்டரி தீர்ந்தால் சேமிப்பும் போகும். இங்கே பேட்டரியே இல்லை.

எஞ்சியிருக்கும் சிப்கள்

2000களின் நடுப்பகுதியில் பயாஸ் எட்டுக் கால் தொடர்வகைச் சிப்களுக்கு மாறியதும், 5 வோல்ட் இணைவகை ஃபிளாஷுக்குச் சந்தை சுருங்கியது. ஏஎம்டியின் ஃபிளாஷ் பிரிவு ஸ்பான்ஷன் நிறுவனமாகி, சைப்ரஸ் நிறுவனத்தில் கலந்து, 2020இல் இன்ஃபினியன் வசம் போயிற்று. 29எஃப்040 உற்பத்தி நின்றுவிட்டது. எஸ்எஸ்டியை 2010இல் மைக்ரோசிப் வாங்கியது, 39எஸ்எஃப் வரிசையைத் தொடர்ந்து தயாரித்தும் வருகிறது. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய பலகைகளிலிருந்து எடுத்து, சுரண்டி, வேறு பெயர் அச்சிட்ட சிப்கள். மேலே அச்சிட்ட பெயரை நம்பாமல் சிப்பிடமே அடையாளம் கேட்பது நல்லது: திறவுகோல் வரிசையின் இறுதியில் ஏ0வுக்குப் பதில் 90 அனுப்பினால், உண்மையான 39எஸ்எஃப்040 முதல் முகவரியில் பிஎஃப் என்றும் அடுத்ததில் பி7 என்றும் விடையளிக்கும்.

512 கிலோபைட்டுக்கு மேல் வேண்டுவோருக்கு இன்று எளிதில் கிடைப்பவை 3.3 வோல்ட் சிப்கள். கேம் பாயும் என்இஎஸ்ஸும் தருவது 5 வோல்ட். பலர் இரண்டையும் நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். சிப் அப்போதைக்கு ஓடினாலும் அதன் வரம்பைத் தாண்டிய அழுத்தம் அதன்மீதும், சில வேளைகளில் கருவியின் மீதும், சுமையாகிறது. சரியான வழி, மின்னழுத்தத்தைக் குறைக்கும் சீராக்கியும் கோடுகளுக்கிடையே அழுத்தமாற்றிச் சிப்களும் வைப்பது. பலகையில் இடமும் செலவும் கூடும். பெரிய கொள்ளளவு கொண்ட கார்ட்ரிட்ஜுகளைக் கவனமாக வடிவமைப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.