ரோட்டோரத்துச் சத்திரம்

உரம் வாங்க ஒரத்தநாடு போயிட்டு வரும்போது வண்டியை ஓரங்கட்டி, பழைய கட்டடம் எதையாவது செல்போன்ல போட்டோ எடுக்கிறது என் பழக்கம். "பாழடைஞ்ச சுவத்துல அப்படி என்னதான் இருக்கு?"ன்னு வீட்டுல கேப்பாங்க.

போன வருஷம் எடுத்த ஒரு படத்தைப் பத்தி எழுதறேன். எங்க ஊருக்கு வர்ற வழியில இருந்த சின்னச் சத்திரம். முன்னால நீளத் திண்ணை, சித்துக்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின சுவர், அதைப் பிளந்துக்கிட்டு ஒரு அரசமரம். விவசாயி கண்ணு முதல்ல போனது பக்கத்துல கிடந்த கல் தொட்டிக்குத்தான். நாலு ஜோடி மாடு நின்னு தண்ணி குடிக்கலாம், அவ்வளவு நீளம். மனுசனுக்கு மட்டுமில்ல, வண்டி மாட்டுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்காங்க. எங்க அப்பாயி கல்யாணமாகி வந்தப்போ அந்தத் திண்ணையிலதான் கட்டுச்சோறு பிரிச்சாங்களாம்.

எங்க பக்கம் தஞ்சாவூர்லேருந்து ராமேஸ்வரம் போற பழைய பாதை. ஜனங்க நடந்தும் வண்டியிலயும் போன காலத்துல மராட்டிய ராஜாக்கள் இந்தப் பாதையில சத்திரங்கள் கட்டினாங்க. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் சரபோஜி மன்னர் கட்டினது. 1799-ல் ராஜ்ஜிய நிர்வாகம் கும்பினிக்காரன் கைக்குப் போயிடுச்சு. சத்திரங்களாவது நிக்கணுமேன்னு 1801-ல் ரெசிடெண்ட் டோரினுக்கு மன்னர் ஒரு கடிதம் எழுதினார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு. நடுராத்திரி மணியடிச்சு, சாப்பிடாதவங்க யாரும் இருந்தா வரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. விஷக்கடிக்கு வைத்தியர் இருக்கார். வந்த இடத்துல பிரசவமானா பார்த்துக்குவாங்க. அநாதைப் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டுப் படிப்பும் சொல்லித் தருவாங்கன்னு அதுல இருக்கு. அந்த நடுராத்திரி மணியை நினைச்சா எனக்கு இன்னிக்கும் சிலிர்க்குது.

1914-ல் பாம்பன் பாலம் வந்து ரயில் ராமேஸ்வரம் வரைக்கும் போச்சு. அப்புறம் யாரு நடப்பா? பஸ்ஸும் வந்துச்சு.

எங்க சின்னச் சத்திரம் ராஜா கட்டினதா, ஊர்க்காரங்க யாராவது கட்டினதாங்கிறதுல பெருசுங்களுக்குள்ள பெரிய சண்டை. ஒரு செட்டியார் கட்டினார்ங்கிறார் ஒருத்தர். இல்ல, பிள்ளை இல்லாத ஒரு அம்மா தன் நிலத்தை எழுதி வச்சுக் கட்டினதுங்கிறார் இன்னொருத்தர். வாசப்படிக்கு மேல ஒரு கல்லுல எழுத்து இருந்துச்சு. பாதியை எலெக்‌ஷன் போஸ்டர் மறைச்சிருந்தது. அடுத்த தடவை தண்ணியும் பிரஷ்ஷும் கொண்டாந்து கழுவிட்டுக் கிட்டேருந்து எடுக்கலாம்னு தூரத்துலேருந்தே ஒண்ணு எடுத்துட்டு வந்துட்டேன்.

அப்புறம் அறுப்பு. அறுப்பு முடிஞ்சா மழை பயம், நெல்லைப் போடக் கொள்முதல் நிலையத்துல காவல். ஒன்றரை மாசம் கழிச்சுப் போறேன், ரோட்டை அகலப்படுத்தறாங்க, அந்த இடம் மட்டமா கிடக்கு. தொட்டி ரெண்டு துண்டா உடைஞ்சு பள்ளத்துல கிடந்தது. எழுத்துக் கல்லை ஜேசிபி டிரைவரைக் கேட்டேன். "எல்லாம் லோடுல போயிடுச்சுண்ணே"ன்னார். அவரைச் சொல்லி என்ன பண்றது, ஒன்றரை மாசம் போகாதவன் நான்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். கடைசி வார்த்தை மட்டும் தெரியுது, "உபயம்"னு. அதுக்கு முன்னாடி இருந்த பேரு போஸ்டருக்கு அடியில.