ஊரும் பட்டினமும்: செங்கற்பட்டுச் சீமையின் காணி வழக்கு

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தின் பாறைச் சுவரில் ஓர் இடையன் பசுவின் மடியருகே அமர்ந்து பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. பக்கத்தில் குடங்களைத் தலையில் சுமந்த ஒருத்தி, குழலூதும் ஒருவன். கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கி நிற்பதே அப்புடைப்புச் சிற்பத்தின் பொருள். ஆயினும் காண்போர் கண் சென்று தங்குவது அந்தப் பசுவிடத்தில்தான். இதனைச் செதுக்கிய உளிகள் ஒலித்த இடம் ஆயர்பாடி அன்று. கலங்கள் வந்து நின்ற பல்லவர் துறைமுகம். திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடியபோது அவர் கண்முன் நின்றவை பொருள் நிறைந்த மரக்கலங்கள். கடல் வணிகத்தில் செழித்த ஒரு பட்டினம் தன் பாறையில் மாட்டுத் தொழுவத்தைச் செதுக்கி வைத்துக்கொண்டது. ஊர் வாழ்வைப் பட்டினம் தள்ளி நின்று அழகாக்கிப் பார்ப்பதற்குத் தொண்டை நாட்டில் இதனினும் இனிய கற்சான்று கிடைப்பது அரிது.

ஊர் வாழ்வு சிறந்ததா, நகர வாழ்வு சிறந்ததா என்பது பட்டிமன்றங்களுக்கு ஓயாது தீனி போடும் தலைப்பு. இலக்கிய மன்றங்களில் அது பெரும்பாலும் தென்றலுக்கும் புகைக்கும் நடக்கும் போராகவே முடிந்துவிடுகிறது. செங்கற்பட்டுச் சீமையின் வரலாற்றில் இவ்வினா வேறு உருவில் எழுந்தது. அங்கே அது சுவையைப் பற்றிய வினா அன்று; காணியைப் பற்றிய வழக்கு. ஊரில் யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதே ஊரை விரும்புவதையும் வெறுப்பதையும் முடிவு செய்தது.

பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனைத் தொண்டை நாட்டின் குறுக்கே நடத்திச் செல்கிறார். எயினர் குடியிருப்பு, கோவலர் குடில், உழவர் மனை, நெடிய விளக்கு எரியும் கடற்றுறை எனக் கடந்து அவ்வழி கச்சியில் முடிகிறது. அத்துறை மாமல்லபுரமே என்பாரும் உளர். ஒவ்வோர் இடத்திலும் பாணனுக்கு உணவு கிடைக்கிறது. எந்த இடத்திலும் அவன் தங்கிவிடுவதில்லை. பரிசில் இருப்பது தொண்டைமான் இளந்திரையனின் நகரத்தில். ஊரின் விருந்தை உண்டு நகரத்தின் கொடையை நோக்கி நடந்தவர்களே நம் முதற்புலவர்கள் என்பதைக் கவிஞர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

நூற்றாண்டுகள் பல கடந்து, சென்னை என்னும் புதிய பட்டினம் இச்சீமையின் கரையிலேயே முளைத்தது. 1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தனக்குக் கிடைத்தது இன்னதென்று அறியக் கம்பெனி விரும்பியது. தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நன்செய், களத்து நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, தச்சனுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு மேரை என்பன வரை அக்கணக்கில் உள்ளன. ஊர்க்கணக்கர்களின் ஓலைகள் இல்லையேல் அந்த அளவை நடந்திராது. ஒரு பட்டினம் தன்னைச் சுற்றிய நாட்டுப்புறத்தை இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்துக்கொண்டது அக்காலத்து இந்தியாவில் அரிய செய்தி.

அளவை முடிந்து ஆறே ஆண்டுகளில், 1780இல், ஐதர் அலியின் படை இறங்கியது. ஊர்கள் எரிந்தன, ஏரிக் கரைகள் உடைந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. பிழைத்தவர்கள் மதில் சூழ்ந்த பட்டினங்களை நோக்கி ஓடினர். நகர வாழ்வின் மீது விருப்பங்கொண்டு அவர்கள் ஓடவில்லை. ஓடியவர்களுக்காக 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சென்னையில் கஞ்சித் தொட்டி ஒன்று வைக்கப்பட்டது. அந்த மணியகாரர் சத்திரத்தின் வழியில் வளர்ந்ததே பிற்காலத்து ஸ்டான்லி மருத்துவமனை. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயர் வட சென்னை மக்கள் நாவில் வெகுகாலம் நிலைத்திருந்தது. செங்கற்பட்டு உழவன் பட்டினத்தில் கால் வைத்த இடம் எது என்பதற்கு இப்பெயரே கல்வெட்டு.

இந்த அழிவு இலண்டன் வரை எட்டியது. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்டு பர்க் பிரிட்டானிய நாடாளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய பேருரையில் எரியும் ஊர்களையும், நகரங்களுக்கு ஓடிப் பசியின் வாயில் விழுந்த மக்களையும் சித்திரித்தார். அவர் கையில் இருந்தது பர்னார்டின் ஜாகீர் வரைபடம். அதில் மட்டும் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட ஏரிகளைத் தாம் எண்ணியதாக அவர் அவையில் கூறினார். மதுராந்தகத்து ஏரிக்கரையை ஒருநாளும் மிதித்திராத ஓர் அயர்லாந்துக்காரர், விரலால் வரைபடத்தைத் தடவித் தொண்டை நாட்டு ஏரிகளை எண்ணிய அந்தக் காட்சியை எந்தப் புலவரும் பாடாமல் விட்டது நம் குறையே.

பாழ்பட்ட சீமையை 1794 முதல் 1798 வரை ஆண்ட கலெக்டர் லயனல் பிளேஸ் உறுதியும் கடுமையும் ஒருங்கே வாய்ந்தவர். ஏரிகளைச் செப்பனிட்டார், மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் கதை அவர் பெயரோடு பின்னிக் கிடக்கிறது. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாதென்று உரிமைப் பத்திரம் பெற்றதும் அவரிடமே என்பர். பழைய ஊர் ஒழுங்கை மீட்டுவிட்டால் நாடு செழிக்கும் என்று அவர் நம்பினார். செழிப்பு என்பது வரிவசூலாகவும் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. அவரது பகைவர்கள் சென்னையில் இருந்தனர். கம்பெனி வணிகருக்குத் துவிபாஷிகளாக இருந்து பொருளீட்டியவர்கள் பலர் சீமையில் ஊர்ப் பங்குகளை வாங்கியிருந்தனர். பட்டினத்தில் மாளிகை, சீமையில் காணி என்பது அவர்கள் வாழ்வு. நாட்டுப்புறத்தைக் கெடுப்பது நகரத்துத் துவிபாஷிகளே என்று பிளேஸ் அறிக்கைமேல் அறிக்கை எழுதினார்.

பூவிருந்தவல்லிப் பக்கத்தில் மிராசுதாரர்கள் அவரது தீர்வைக்கு இணங்காமல் ஊரைவிட்டு வெளியேறியபோதும், தூண்டியவர்கள் அவர்களே என்றார். ஊரைவிட்டுப் போதல் என்பது அக்காலத்தில் ஒரு படைக்கலம். உழவர் போய்விட்டால் நிலம் தரிசு. தரிசுக்கு வரி இல்லை. சில நாள் வெளியே இருந்து, உடன்பாடு ஆனபின் திரும்புவது பழைய வழக்கம். ஆனால் அந்தப் படைக்கலத்தை எடுக்கப் பங்கு வேண்டும். திரும்பி வரக் காணி இருப்பவனுக்கே வெளியேறுவது பேரம். அது இல்லாதவனுக்கு வெளியேறுவது வெறும் ஓட்டம்.

அந்தப் பங்கு எத்தகையது என்பதை எழுதி வைத்தவர் எல்லீசு. திருக்குறளுக்கு உரை கண்டவராகத் தமிழ் உலகம் அறிந்த அந்த எல்லீசுதான். மிராசு உரிமையைப் பற்றி அரசு கேட்ட பதினேழு வினாக்களுக்கு அவர் அளித்த விடைகள் 1818இல் சென்னையில் அச்சாயின. ஊர் நிலம் முழுதும் இத்தனை பங்கு என்று வகுக்கப்பட்டிருந்தது. ஆண்டுகள் சில கழித்து நிலத்தை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொண்டால் பசுங்கரை. நிலையாகப் பிரித்துக்கொண்டால் அருதிக்கரை. பங்கில்லாமல் உழுபவர் பாயக்காரிகள். அவர்களில் ஊரிலேயே வாழ்பவர் உள்குடி, வெளியிலிருந்து வந்து உழுபவர் புறக்குடி. மிராசுதாரர் ஊரில் இல்லாமல் மயிலாப்பூரில் இருந்தாலும் அவருக்குரிய துண்டுவாரம் போய்ச் சேர்ந்தது. பசுங்கரை என்ற சொல்லில் உள்ள பசுமை யாரையும் மயக்கும். அதை வைத்துப் பழைய ஊரைச் சமத்துவத்தின் பூங்காவாகப் பாடிவிடலாம், பாடியும் இருக்கிறார்கள். எல்லீசு விரித்த கணக்கில் உழைப்பாளிகளான பறையர், பள்ளர் பங்குடையோர் வரிசையில் இல்லை; பங்கோடு சேர்ந்த அடிமைகளாக இருக்கிறார்கள்.

ஊர் என்ற சொல்லையே இங்கு நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. சங்கத் தமிழில் சேரி என்பது குடியிருப்பின் ஒரு பகுதி. இழிவு ஏதும் அதில் இல்லை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று சேரிகள் பிரிகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கற்பட்டில் ஊர் என்றால் ஓரிடம், சேரி என்றால் வேறிடம். ஆகவே ஊர் வாழ்வா நகர வாழ்வா என்ற வினா எழும்போது, சேரியில் இருந்தவன் அவ்வினாவின் எல்லைக்குள்ளேயே இல்லை.

இதனை அரசின் ஏட்டில் ஏற்றியவர் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர். 1891ஆம் ஆண்டு அவர் எழுதிய குறிப்பு ஓர் அதிகாரியின் அறிக்கைக்குரிய வறட்சியோடுதான் தொடங்குகிறது. படிக்கப் படிக்க நெஞ்சு கனக்கிறது. சேரி நின்ற மனையும் மிராசுதாரருக்கே உரியதெனக் கொள்ளப்பட்டது. கூலி குறைவென்று படியாள் வாய் திறந்தால் குடிசையைப் பிடுங்கிவிடலாம். தரிசு நிலத்தைக் கேட்டு அவன் மனுப் போட்டால், முதலில் பெறும் உரிமை மிராசுதாரருக்கு. உழும் நிலம் அவனுடையதன்று. உறங்கும் நிலமும் அவனுடையதன்று. இந்த அறிக்கையைத் தொடர்ந்து பிறந்த 1892ஆம் ஆண்டு அரசாணையின் வழியில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலங்கள் எனப் பெயர் பெற்றன. அவை பிறர் கைக்கு மாறக்கூடாது என்ற கட்டுப்பாடும் பின்னர் விதிக்கப்பட்டது.

அதே காலத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரிற் பிறந்த ஒருவர் சென்னையில் குடியேறியிருந்தார். இரட்டைமலை சீனிவாசன் நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிவிட்டு 1890இல் பட்டினம் வந்தார். 1893இல் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். அந்தப் பெயரை முகப்பிலேயே அச்சிட்டு விற்க அவர் பிறந்த ஊரில் இடமிருந்திருக்குமா என்பதை எண்ணிப் பார்த்தால் பட்டினம் அவருக்கு என்ன கொடுத்தது என்பது விளங்கும். அச்சகம், அஞ்சல், முன்பின் அறியாதவர் நிறைந்த தெரு: இம்மூன்றும் ஊரில் இல்லாதவை. ஆயினும் அவர் பட்டினத்தில் இருந்துகொண்டு ஊரை மறந்தவர் அல்லர். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் எல்லார்க்கும் உரிமை உண்டு என்பது. ஊரில் நடக்கவும் நீர் மொள்ளவும் நகரத்து மன்றத்தில் தீர்மானம் வேண்டியிருந்தது.

காந்தியடிகள் ஊரே இந்தியாவின் உயிர் என்றதும், 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிருணய சபையில் அம்பேத்கர் ஊரைக் கடுமையாகச் சாடியதும் பலரும் அறிந்தவை. இருவரையும் எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்புச் சொல்வது எளிது. ஒரே சீமையில் ஒரே காலத்தில் இரண்டும் மெய்யாக இருந்தன என்பதைச் செங்கற்பட்டு ஏடுகள் காட்டுகின்றன. பசுங்கரை ஊரும் மெய். குடிசை பிடுங்கப்பட்ட சேரியும் மெய். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார் என்பதுதான் வேறு.

இதற்கிடையில் நகரம் தானே சீமைக்குள் நடந்து வரத் தொடங்கியது. 1859இல் மாவட்டத்தின் தலைமையிடம் காஞ்சியிலிருந்து சென்னையின் விளிம்பான சைதாப்பேட்டைக்குச் சென்றது. 1920களில் மாம்பலம் நெடுந்தாங்கல் ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. பர்க் எண்ணிய நாட்டின் ஏரிகள் வீட்டுமனைகளாகத் தொடங்கின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாழ்வான புறநகர்த் தெருக்கள் ஏரிகளாயின. கிழக்குக் கடற்கரைச் சாலை 1998இல் திறந்தபின் கோவளம் முதல் மாமல்லபுரம் வரை சவுக்குத் தோப்புகளும் மணல் மேடுகளும் விலைப் பொருளாயின. கடலோரக் குப்பங்களின் செய்தி தனிக் கதை. ஊரும் நகரும் அவர்களுக்கு முதுகுப்புறத்தில் இருந்தவை. முகம் கடலை நோக்கி இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கடலே அவர்கள்மேல் வந்தது.

சாலையும் மனைவிலையும் வருமுன்னரே பஞ்சமி நிலங்கள் பல, விதித்த கட்டுப்பாட்டை மீறிக் கைமாறியிருந்தன. நகரம் நெருங்க நெருங்க, ஒருகாலத்தில் எவரும் விரும்பாத அந்தத் தரிசு துண்டு நிலங்களுக்குப் பெருமதிப்பு வந்தது. அவற்றை மீட்கக் கோரிய குரல் காரணைக் கிராமத்திலிருந்து எழுந்தது. படியாள்களின் பேரப்பிள்ளைகள் ஊரைவிட்டு ஓடவில்லை. ஊரிலேயே இருக்க நிலம் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் அப்போராட்டத்தின்மீது காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர்.