பசியின் ஏற்பியும் அதைத் தேடிய எதிர்ப்பொருளும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்துக் கடலோரத் தீவொன்றில் உள்ள பார் ஹார்பர் என்னும் சிற்றூரில், சுண்டெலிகளை வம்சாவளி பிசகாமல் வளர்ப்பதையே பெருந்தொழிலாகக் கொண்ட ஜாக்சன் ஆராய்ச்சிக்கூடத்தை 1929-ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் குக் லிட்டில் நிறுவினார். 1947-இல் மூண்ட காட்டுத்தீயில் கூடமும் அதிலிருந்த எலிகளும் பெரும்பாலும் வெந்து அழிந்தபோது, முன்னர் அங்கிருந்து எலிகளைப் பெற்றுச் சென்றிருந்த விஞ்ஞானிகள் அவற்றின் சந்ததிகளைத் திருப்பியனுப்பி அந்த ஸ்தாபனத்தை மீண்டும் தழைக்கச் செய்தார்கள் என்பது, விஞ்ஞான சரித்திரத்தில் நான் பெரிதும் போற்றும் செய்திகளுள் ஒன்று.

அங்கேதான் 1949-இல், ஓயாமல் தின்று அளவுமீறிப் பருக்கும் ஒரு சுண்டெலி வம்சமும், 1966-இல் பருமனோடு கடுமையான நீரிழிவும் சேர்ந்த வேறொரு வம்சமும் கண்டறியப்பட்டன. முன்னது 'ஓபி' என்றும் பின்னது 'டிபி' என்றும் பெயர் பெற்றன. கனடாவில் பிறந்து அக்கூடத்தில் பணிபுரிந்த டக்ளஸ் கோல்மன், இரண்டிரண்டு எலிகளின் சரீரங்களைத் தைத்து இணைத்து, ஒன்றன் ரத்தம் மற்றதில் கலக்கும்படி செய்து பார்த்தார். டிபியோடு இணைந்த சாதாரண எலி உணவு எதிரே இருந்தும் உண்ணாமல் மெலிந்து மாண்டது. ஓபியை டிபியோடு இணைத்தாலும் ஓபிக்கு அதே கதிதான். ஆனால் சாதாரண எலியோடு இணைந்த ஓபியோ சாகாமல் தீனியைக் குறைத்துக்கொண்டது. ஆகவே, போதும் என்று அறிவிக்கும் ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது என்றும், ஓபியால் அதை ஆக்க முடியாது, டிபியால் அதை உணர முடியாது என்றும், உணரும் ஏற்பியே டிபியிடம் பழுதுபட்டிருக்க வேண்டும் என்றும் கோல்மன் கொண்ட முடிவு முழுக்க முழுக்க அனுமானமே. பலர் அதை ஏற்கவில்லை. 1994-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி ப்ரீட்மனின் குழுவினர் ஓபி மரபணுவையும் அது ஆக்கும் லெப்டின் என்னும் ஹார்மோனையும் கண்டார்கள். மறு ஆண்டே ஏற்பியின் மரபணுவும் அகப்பட்டது.

அனுமானத்தால் அறிந்த அந்த ஏற்பியை, பசியை ஆளும் மூளையில் பிரத்தியட்சமாகக் காண விரும்பியவர்கள், குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பற்றிக்கொள்ளும் ரத்தப் புரதமான எதிர்ப்பொருளை நாடினார்கள். 1890-இல் பெர்லினில் பேரிங்கும் கிதசாத்தோவும் நோய்க்கு மருந்தாக அறிமுகப்படுத்திய இப்பொருளுக்கு, 1940-களில் ஹார்வர்டின் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, திசுக்களுக்குள் வேண்டிய புரதத்தைத் தேடிக் காட்டும் கருவியாக அதை ஆக்கினார். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாது சுரக்கும் உயிரணுக்களை உண்டாக்கினார்கள். ஆயினும், ஏற்பியின் ஒரு துண்டைச் செயற்கையாகச் செய்து முயலுக்கு ஊசியேற்றி, அதன் சீரத்தைச் சுத்திசெய்து எடுக்கும் பழைய முறையும் வழக்கொழியவில்லை.

இடர்ப்பாடு இனித்தான். மூளையில் இந்த ஏற்பி மிக அரிதாகவே இருப்பதால், எதிர்ப்பொருள் வேறு புரதங்களில் ஒட்டிக்கொண்டு பொய்ச்சாட்சி சொல்வது எளிது. ஏற்பியே இல்லாத விலங்கின் மூளையிலும் சாயம் ஏறுமானால் அந்த எதிர்ப்பொருளை நம்பலாகாது. அபாவமே இங்கு உரைகல். ஆனால் டிபி எலியிடம் முற்றும் இல்லாமற்போனது ஏற்பியின் நீண்ட வடிவம் மட்டுமே. 302 அமினோ அமிலங்கள் கொண்டு உயிரணுவுக்குள் நீளும் அதன் வாலே செய்தியை உள்ளே செலுத்துவது. குறுகிய வடிவங்கள் அந்த எலியிடமும் உள்ளமையால், வெளிப்பகுதியை நாடும் எதிர்ப்பொருளை அதைக் கொண்டு சோதிக்க இயலாது. வாலை நாடுவதற்கே அது தகுந்த பரீட்சை. இந்நுட்பத்தைக் கவனியாது வரையப்படும் மூளைப்படம் எத்தனை அழகாயிருந்தும் பயனில்லை என்பதே என் துணிபு.

நரம்பியல் இதழொன்றின் ஆசிரியராயிருந்த கிளிஃபர்ட் சேப்பர், 2005-இல் வாசகர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், எதிர்ப்பொருளின் தகுதியை நிரூபித்த பின்னரே கட்டுரை அனுப்ப வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டார். லெப்டின் ஆராய்ச்சியாளர் பலர் ஏற்பியை நேரே தேடுவதை விடுத்து, எலிக்கு லெப்டினைச் செலுத்தி, அதனால் ஏற்பி தூண்டப்படும்போது பாஸ்பேட் ஏற்கும் ஸ்டாட்-3 என்னும் புரதத்தை வேறோர் எதிர்ப்பொருளால் காண்கிறார்கள். பசியை ஆளும் மூளைப்பகுதியான ஹைபோதலாமஸின் அடிப்புறத்து நரம்பணுக்களில் அச்சாயம் தெளிவாகத் துலங்குகிறது, டிபி எலியில் துலங்குவதில்லை.