கடிகாரக் கற்களின் வரலாறு

பழைய சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்களின் முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்ற குறிப்பைக் காணலாம். இவை அழகுக்காகப் பதித்தவை அல்ல. உராய்வு மிகுந்த இடங்களில் தேய்மானத்தைத் தடுக்கும் மாணிக்கக் கற்கள். பெரும்பாலானவை சக்கரங்களின் அச்சுமுனைகளைத் தாங்குகின்றன.

கல்லில் துளையிட்டு அச்சுமுனையைப் பொருத்தும் முறைக்கு நிக்கோலஸ் ஃபாத்தியோ என்னும் கணித அறிஞரும், பீட்டர், ஜேக்கப் தெபோஃப்ர் ஆகிய கடிகாரக் கலைஞர்களும் 1704இல் லண்டனில் காப்புரிமை பெற்றனர். அதை நீட்டிக்க அவர்கள் நாடாளுமன்றத்தை அணுகியபோது லண்டன் கடிகாரக் கைவினைஞர் கழகம் எதிர்த்தது. இம்முறை புதிதல்ல என்று வாதிட்டு, இக்னேஷியஸ் ஹக்ஃபோர்ட் செய்த, கல் பதித்த பழைய கடிகாரத்தைச் சான்றாகக் காட்டியது. கோரிக்கை தோற்றது. பிற்காலத்தில் அக்கடிகாரத்தை ஆராய்ந்தபோது, அதிலிருந்த கல் எந்த அச்சையும் தாங்காத வெறும் அலங்காரம் எனத் தெரியவந்தது.

1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் செயற்கை மாணிக்கம் உருவாக்கும் முறையை அறிவித்தார். கற்கள் மலிவாயின. பின்னர் விற்பனைக்காகவே, வேலை செய்யாத கற்களைச் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டிய கடிகாரங்களும் வந்தன.

கையால் சாவி கொடுக்கும் எளிய கடிகாரத்துக்கு 17 கற்களே போதுமானவை. ஆகவே, பழைய கடிகாரம் வாங்குவோர் முகப்பிலுள்ள எண்ணை மட்டும் நம்பாமல், பின்மூடியைத் திறந்து கற்கள் எங்கே அமைந்துள்ளன என்று பார்க்க வேண்டும்.