லயத்துக் கொல்லையும் அடுப்படிப் பரணும்



தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் 'உணவைப் பதப்படுத்துதல்' என்றொரு தலைப்பு உண்டு. உலர்த்துதல், உப்பிடுதல், ஊறுகாயிடுதல், புகையூட்டுதல், உறைய வைத்தல் என்று முறைகளை வரிசைப்படுத்தி மாணவர் மனனம் செய்கின்றனர். குளிர்பதனப் பெட்டி வேண்டிய கடைசி முறையை விட்டுவிட்டால், ஏனைய நான்கும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த அவர்களுடைய பாட்டிமாரும் பூட்டிமாரும் அறிந்திருந்தவையே. லயத்து வீட்டின் பின்புறத்தில் விளைந்த காயையும் கிழங்கையும் கெடாமல் காத்த அந்தக் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. சொந்த நிலம் இல்லாத ஒரு சமுதாயம், பிறர் நிலத்தின் ஓரத்தில் தன் பசிக்குக் காப்பீடு தேடிக்கொண்ட வரலாறு அது. அதனைச் சுருக்கமாக எழுத விழைகின்றேன்.

ஒரே சட்டம் தந்த இரண்டு

நம் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றைப் பேசும்போது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தை நாம் தவறாமல் குறிப்பிடுகின்றோம். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அத்தோட்டத்தில் பள்ளி ஒன்று நடத்தப்பட வேண்டும் என்று ஐக்கிய மலாய் மாநிலங்களில் விதித்தது அச்சட்டம். அதே சட்டத்தின் இன்னொரு விதி பலருடைய நினைவில் இல்லை. குடும்பமுள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடவும் ஆடு மாடு மேய்க்கவும் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே அவ்விதி. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 2,700 சதுர அடி. ஆக, தோட்டத்துப் பள்ளியும் தோட்டத்துக் கொல்லையும் ஒரே சட்டத்தின் நிழலில் வளர்ந்தவை எனலாம்.

இதனைக் கருணை என்று மட்டும் கொள்வதற்கில்லை. தொழிலாளி தன் கறிக்குத் தானே பயிரிட்டுக்கொண்டால் கூலியைக் குறைவாகவே வைத்திருக்கலாம் என்பது முதலாளிகளுக்குக் கிடைத்த ஆதாயம். ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்றிருந்த நாட்கூலி, 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்தபோது குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியிருந்தோர்க்குக் கொல்லையில் நின்ற முருங்கையும் வாழையும் கைகொடுத்தன. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த பெரும் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வுடன் பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் கோரிக்கையாக வைக்கப்பட்டது. கொல்லைக் கீரையால் மட்டும் வயிறு நிறையாது என்பதை அம்மக்கள் நன்கறிந்திருந்தனர்.

கோடை இல்லாத நாட்டில் வற்றல்

தமிழகத்தில் வற்றல் போடுவதற்கென்றே ஒரு பருவம் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் கூரை மேலும் களத்து மேட்டிலும் காயவைத்தால், நான்கு நாளில் கொத்தவரங்காய் சருகாகிவிடும். அக்கோடையை நம்பிய அறிவுடன் கப்பலேறி வந்தவர்கள் கண்ட நாடு வேறு. கோலாலம்பூர், கிள்ளான் பகுதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. சித்திரையில் வெயிலுக்கு மாறாக மழையே மிகுதி. ஐப்பசி, கார்த்திகையிலும் அப்படியே. பிப்ரவரியை ஒட்டியும் ஜூன், ஜூலையிலும் மழை சற்றுக் குறையும். அப்போதும் பிற்பகலில் இடிமழை வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. காற்றிலுள்ள ஈரமோ பாதி காய்ந்த வற்றலில் ஒரே இரவில் பூஞ்சணம் பூக்கச் செய்துவிடும்.

ஆகவே முறைகளை மாற்ற வேண்டியதாயிற்று. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டித் திரும்பும் பெண்ணுக்கு நாள் முழுதும் முறத்தருகே காவலிருக்க நேரம் ஏது? வேலைக்குப் போகாத பாட்டியோ, பள்ளி விட்டு வந்த பிள்ளையோதான் காக்கைக்கும் மழைக்கும் காவல். வெயில் போதாதவிடத்து அடுப்பு துணை நின்றது. விறகடுப்புக்கு மேலே கட்டிய பரணில் புகையும் இளஞ்சூடும் எந்நேரமும் உண்டு. பகலில் வெயில் கண்ட மிளகாயும் சுண்டைக்காயும் இரவில் அப்பரணில் ஏறின. அடுத்த நடவுக்கான அவரை, வெண்டை, பாகல் விதைகளைச் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து அங்கேயே தொங்கவிட்டனர். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். புகை வண்டை அண்டவிடாது. இது மாணவர்க்கு நல்லதோர் அறிவியல் பாடம்.

மோர்மிளகாயை எடுத்துக்கொள்வோம். மிளகாயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைத்துப் பகலில் எடுத்து உலர்த்துவர். மாலையில் மீண்டும் அதே மோரில் போடுவர். மோர் முழுவதும் உறிஞ்சப்படும் வரை இது தொடரும். இதில் உப்பும் புளிப்பும் வெயிலும் ஒன்றாகச் சேர்ந்து கிருமிகளைத் தடுக்கின்றன. ஒரு நாள் மழை பெய்து வெயில் தவறினாலும் உப்பும் புளிப்பும் மிளகாயைக் காத்து நிற்கும். இந்நாட்டு வானிலைக்கு இம்முறை நன்கு பொருந்தியதில் வியப்பில்லை.

தோட்டங்களில் மட்டுமன்றி நகரத்திலும் இவ்வழக்கம் இருந்தது. 1880களில் கோலாலம்பூரைச் செங்கல்லால் புதுப்பித்தபோது செங்கற்சூளைகள் அமைந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் அது இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாகி, தமிழரும் யாழ்ப்பாணத்தவரும் மலையாளிகளும் அங்கே குடியேறினர். யாழ்ப்பாணத்து மக்கள் பனங்கிழங்கை உலர்த்தி ஒடியலாகவும், அவித்து உலர்த்திப் புழுக்கொடியலாகவும் சேமிக்கும் மரபில் வந்தவர்கள். பனை இல்லாத இவ்வூரில் அவ்வறிவுக்கு வேறு கிழங்கு வாய்த்தது. அதுவே மரவள்ளி.

மண்ணே களஞ்சியம்

போருக்கு முன் மலாயாவில் உண்ணப்பட்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இங்கு விளைந்தது. எஞ்சியது பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. அரிசி வரத்துக் குறைந்து பங்கீடு சுருங்கியது. சப்பானியர் அச்சிட்ட வாழைமரத் தாளின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் ஆண்கள் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. லயங்களில் எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் உயிர் பிழைத்தது பெரும்பாலும் மரவள்ளிக் கிழங்கினால்தான். ரப்பர் மரங்களை வெட்டிய நிலங்களிலும் கிழங்கு நடப்பட்டது.

மரவள்ளிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தோண்டி எடுத்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெட்டுவிடும். தோண்டாமல் விட்டாலோ முதிர்ந்த பின்னும் பல மாதங்கள் மண்ணுக்குள் இருக்கும், நாரோடினாலும் உணவாகும். ஆகவே வேண்டும்போது வேண்டிய அளவே தோண்டினர். மண்ணையே குதிராக்கிக்கொண்டனர் என்று சொல்லலாம். முற்றிய தண்டுகளை நிழலில் நிறுத்திவைத்து அடுத்த நடவுக்குப் பயன்படுத்தினர். ஒரே நேரத்தில் மிகுதியாகத் தோண்ட நேர்ந்தால், தோலுரித்துச் சீவி, நீரில் ஊறவைத்து, உலர்த்தி இடித்து மாவாக்கினர். இந்த ஊறலும் உலர்த்தலும் வேகவைத்தலும் பழக்கத்துக்காகச் செய்தவையல்ல. மரவள்ளியில், குறிப்பாகக் கசப்பு வகையில், சயனைடு நஞ்சாக மாறக்கூடிய பொருள் உள்ளது. அதனை நீக்குவது இவ்வேலைகளே. இதை மாணவர்க்குக் கூறும்போது பச்சைக் கிழங்கை உண்ணலாகாது என்ற எச்சரிக்கையையும் கட்டாயம் சேர்த்துக் கூறுக.

கிழங்கு உயிரைக் காத்ததேயன்றி உடலை வளர்க்கவில்லை. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. அதே அளவு மரவள்ளியில் ஒன்றரைக் கிராமுக்கும் குறைவு. அக்காலத்தில் மக்கள் கால் வீங்கியும் மெலிந்தும் மாண்டதற்கு இதுவும் ஒரு காரணம். முருங்கைக் கீரையும் உலர்த்திய சிறுமீனும் கிடைத்த வீடுகள் ஓரளவு தப்பின. சேமிப்பு என்பது அளவைப் பற்றியது மட்டுமன்று; என்ன சேமிக்கின்றோம் என்பதையும் பற்றியது.

சேமித்தலே ஐயத்துக்கு உரியதான காலம்

போர் முடிந்து மூன்றாண்டுக்குள், 1948 ஜூனில், அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது 1960 ஜூலை வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு உணவு போகாமல் தடுப்பதே அரசாங்கத்தின் முதன்மை உத்தியாயிற்று. புதுக்கிராமங்களைப் போன்றே தோட்டத்து லயங்களும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன. அரிசி அளந்து தரப்பட்டது. டின்னில் அடைத்த உணவை விற்கும்போதே கடைக்காரர் அதில் துளையிட்டுத் தர வேண்டும். அப்போதுதான் அதை வைத்திருக்க முடியாது. சில வட்டாரங்களில் அரிசியைப் பொது இடத்தில் சமைத்துச் சோறாகவே கொடுத்தனர். அரிசி பல மாதம் கெடாதிருக்கும். சோறோ மறுநாளே புளித்துவிடும்.

எண்ணிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக உணவைக் கெடாமல் வைக்கக் கற்ற மக்களுக்கு, உணவு கெட்டே ஆக வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. வேலிக்கு வெளியே இருந்த கொல்லைக்கு நினைத்த நேரத்தில் போக இயலவில்லை. வேலைக்குச் செல்லும்போது வாயிலில் சோதனை. மலாயாவின் போர்க்கால வரலாற்றைக் கற்பிக்கும்போது, துப்பாக்கிகளோடு இந்தத் துளையிட்ட டின்னையும் மாணவர் அறிய வேண்டும் என்பது என் கருத்து.

கொல்லை மறைந்தது

1950களிலும் 60களிலும் வெள்ளையர் தோட்டங்களை விற்றுச் சென்றபோது அவை துண்டாடப்பட்டன; பல குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. இதனைத் தடுக்கவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். பின்னர் வந்தது மேம்பாடு. கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1990களில் புத்ராஜெயா எழுந்த நிலமும் பேராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களே. அங்கிருந்த குடும்பங்கள் டிங்கில் பகுதியின் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன.

தோட்டம் மூடப்பட்டபோது பள்ளிக்காக நாம் போராடினோம். அது நியாயமே. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேற்பட்டே உள்ளன. அவற்றுள் பலவும் இடம் மாறியும் நிலைத்துள்ளன. அதே சட்டம் தந்த கொல்லைக்காகப் பேசியவர்கள் குறைவு. மாதச் செலவில் ஒரு பகுதியைக் கொல்லை ஏற்றிருந்தது. மூன்றாம் மாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துக்கு, முன்பு பறித்துக்கொண்ட கீரையும் மிளகாயும் தேங்காயும் வாங்க வேண்டிய பொருள்களாயின. இழப்பீட்டுக் கணக்கில் முருங்கை மரத்துக்கு விலை போடுவோர் அரியர். நகர்ப்புற ஏழ்மையைப் பற்றிப் பேசும்போது இந்த இழப்பையும் நாம் கணக்கிட வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

பழைய வறுமையைப் போற்றுவது என் நோக்கமன்று. எவரும் மீண்டும் மரவள்ளியை மட்டும் உண்டு வாழ வேண்டியதில்லை. ஆயினும் அவ்வறிவை இழப்பதற்குக் காரணமும் இல்லை. ஆசிரியர்கள் அறிவியல் பாடத்தின் இத்தலைப்பை நடத்தும் வாரத்தில், வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு பதப்படுத்தும் முறையைக் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். எந்தக் காய், எவ்வளவு உப்பு, எத்தனை நாள், மழை வந்தால் என்ன செய்வார்கள் என்ற நான்கு கேள்விகள் போதும். நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். இந்த மண்ணில் நம்மவர் கண்டறிந்தது அதற்குரிய விடையில்தான் இருக்கும். அதனைப் பள்ளி நூலகத்தில் தொகுத்து வைத்தால் வட்டார வரலாற்று ஆவணம் ஒன்று கிடைக்கும்.

பெற்றோர்களே, மாடி வீட்டின் முன்றிலில் இரண்டு மிளகாய்ச் செடி வைக்க இடமிருந்தால் வையுங்கள். காய்த்ததில் ஒரு பிடியைப் பிள்ளையின் கையாலேயே மோரில் ஊறவைத்து உலர்த்தச் செய்யுங்கள். காற்றுள்ள போதே தூற்றிக்கொள் என்பர். தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறையில் பலர் எண்பது வயதைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் கேட்க வேண்டியதை இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுவது நன்று.