நாய் ஆருக்கு? தேசவழமையில் ஒரு தேடல்

கலியாணம் கட்டின இரண்டு பேர் பிரியும்போது வீடு ஆருக்கு, நகை ஆருக்கு, பிள்ளை ஆரோட எண்டு ஊரே கதைக்கும். நாய் ஆருக்கு எண்டு கேட்டால் மட்டும் சிரிப்பினம். ஆனால் வெளிநாடுகளில் இது நீதிமன்றம் வரைக்கும் போன வழக்கு. 2002இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பார்னி எண்ட நாயைப் பார்க்க நாள் ஒதுக்கித் தரச்சொல்லி ஒரு முன்னாள் கணவர் கேட்டார். மேசைக்கும் விளக்குக்கும் பார்வை நாள் குறிச்சுக் குடுக்கச் சொல்லிறது போலதான் இது எண்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. பதினைந்து வருடம் கழித்து, 2017இல், அதே நாட்டின் அலாஸ்கா மாநிலம் விவாகரத்தில் பிராணியின் நலனையும் நீதிபதி பார்க்க வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தது. கலிபோர்னியாவில் 2019இல் இருந்து அப்படியொரு சட்டம் இருக்கு. ஸ்பெயினில் 2022 சனவரியில் இருந்து விலங்கு வெறும் பொருள் அல்ல, உணர்வுள்ள உயிர். கணவனும் மனைவியும் பிரிந்தால் அதைப் பராமரிக்கிற பொறுப்பை இருவருக்கும் பங்கிட்டுக் குடுக்கலாம்.

சரி, இதே கேள்வியை அளவெட்டியில் கேட்டால்?

எங்கட ஆட்களுக்குச் சொத்து விஷயத்தில் தனிச் சட்டம் இருக்கிறது உங்களுக்குத் தெரியும்: தேசவழமை. யாழ்ப்பாணத்தில் முப்பத்தேழு வருடம் இருந்த ஒல்லாந்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், ஊர் வழக்கங்களைக் கேட்டு எழுதி 1707இல் ஒப்படைத்த தொகுப்பு அது. பிறகு தமிழில் பெயர்த்து பன்னிரண்டு முதலியார்மாருக்குக் காட்டி, சரிதான் எண்டு ஒப்புதல் வாங்கினார்கள். (பன்னிரண்டு பேரும் ஆண்கள், பன்னிரண்டு பேரும் காணி உள்ள ஆட்கள். "ஊர் வழக்கம்" எண்டு நாங்கள் சொல்வது ஆருடைய வழக்கம் என்று யோசியுங்கோ.) 1806இல் பிரித்தானியர் அதையே சட்டமாக்கினார்கள்.

தேசவழமை சொத்தை மூன்றாகப் பார்க்கும். புருஷன் தன் பரம்பரையில் இருந்து கொண்டு வந்தது முதுசம். பெண் கொண்டு வந்தது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்த்தது தேடிய தேட்டம். இந்த மூன்றில் நாயைப் போட்டுப் பாருங்கோ. மனைவியின் தாய்வீட்டு நாய் அவளோட வந்தால் அவளது. கலியாணத்துக்குப் பிறகு உழைத்த காசில் ஒரு பொமரேனியன் வாங்கினால் அது தேடிய தேட்டம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டத்தின்படி, ஆரின்ர பேரில் வாங்கினாலும் அது 1947 திருத்தம் வரைக்கும் இருவருக்கும் சரிபாதியாக இருந்தது. அப்ப, மனைவியின் நாய் போட்ட குட்டிகள்? 1911 சட்டம் தனிச்சொத்தில் இருந்து வரும் இலாபத்தையும் தேடிய தேட்டத்தில் சேர்த்தது. 1947இல் அதைத் திருத்தி, அந்த இலாபத்தை மாற்றி வாங்கினதுதான் தேடிய தேட்டம் என்றார்கள். அதாவது குட்டிகளை விற்று ஒரு சைக்கிள் வாங்கினால், சைக்கிள் தேடிய தேட்டம். இது என்ர சொந்தக் கணக்கு. இப்படி ஒரு வழக்கை ஆரும் போட்டு நான் அறியேன்.

இந்தக் கணக்கில் ஒரு இடத்தில் சிரிப்பு நிண்டுபோகும். தாயின் குட்டி தாயின் சொந்தக்காரருக்கே என்பது பழைய உரோமச் சட்டத்து விதி. அதே விதியை தேசவழமையின் அடிமைகள் பற்றிய பகுதியிலும் காணலாம்: ஒருவரின் அடிமைப் பெண்ணை இன்னொருவரின் அடிமை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் பெண்ணின் எசமானுக்கு. கோவியர், பள்ளர், நளவர் எண்டு பேர் சொல்லியே எழுதியிருக்கு. காணியைப் போல, நகையைப் போல மனிசரும் சீதனமாகக் கைமாறினார்கள். 1844இல்தான் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. எது பொருள், எது உயிர் என்ற கோடு எங்கட ஊரிலேயே ஒருக்கால் அழித்துத் திருப்பிக் கீறப்பட்ட கோடு. "நாய்க்கெல்லாம் சட்டமோ" எண்டு கேட்கிறவர்கள் இந்தப் பகுதியையும் ஒருக்கால் வாசிக்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஐசாக்ஸ் கவனித்து எழுதின ஒன்று எனக்குப் பிடிக்கும். புருஷனும் மனைவியும் கோபப்பட்டுப் பிரிந்து இருந்தால், பிள்ளைகள் பொதுவாகத் தாயின் பக்கம் நின்று தாயோடயே இருப்பினம் என்கிறார். அப்படியான நேரத்தில் மனைவியின் சீதனத்தில் இருந்து புருஷன் ஒன்றையும் ஆருக்கும் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறார். முந்நூறு வருடத்துக்கு முந்தின கதை, நேற்றுப் பக்கத்து வீட்டில் நடந்த மாதிரி இருக்கு.

ஏன் தாயோட? பாசம் எண்டு மட்டும் சொல்லலாம். ஆனால் அதற்குக் கீழே வளவு இருக்கு. எங்கட ஊரில் பெரும்பாலும் வீடு பெண்ணுக்குக் குடுத்த சீதன வீடு. மாப்பிள்ளைதான் வந்து சேருகிறவர். சண்டை வந்தால் பெட்டியைக் கட்டுகிறவரும் அவர்தான். பிள்ளை வளவில், கிணறு வளவில், நாயும் வளவில். ஆகவே அளவெட்டியில் நாய் ஆருக்கு எண்ட கேள்விக்கு ஆரும் தீர்ப்புச் சொல்லாமலே பதில் கிடைத்து வந்திருக்கு. ஆள் வந்து போகும், நாய் வளவோட நிற்கும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழும்பி நடந்தபோதும் இதுதான். மாட்டை அவிழ்த்துவிட்டு, நாயைத் திரும்பிப் பாராமல் போன கதை இஞ்ச பல வீட்டில் இருக்கு. அந்தக் கதையைச் சொல்லும்போது அம்மம்மாமார் குரல் மாறும்.

எழுதின சட்டமோ இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. 1907ஆம் ஆண்டைப் பாருங்கோ. அந்த ஒரே வருடத்தில் இலங்கையில் விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் 13ஆம் இலக்கச் சட்டமும் வந்தது, விவாகப் பதிவுக்கான 19ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. விவாகரத்துக்கு இன்றைக்கும் அந்த 19ஆம் இலக்கச் சட்டம்தான்: சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு. இந்த மூன்றில் ஒன்றை நிரூபிக்க வேணும். இரண்டு பேரும் ஒத்துப்போய் பிரிகிறோம் என்றால் அது காரணமில்லை. அதனால் எங்கட பக்கம் கனபேர் வழக்கே போடாமல் பிரிந்து இருக்கினம். ஒருவர் இஞ்ச, மற்றவர் கனடாவில். காகிதத்தில் அவர்கள் இன்னும் புருஷன் பெண்சாதி.

அப்படி இருக்கிற பெண்ணுக்கு 1911 சட்டத்தின் ஆறாம் பிரிவு என்ன சொல்லுது? அசையும் சொத்தை அவள் புருஷனைக் கேட்காமல் விற்கலாம். அசையாச் சொத்தை, அது தாய் தகப்பன் தந்த சீதனக் காணியாக இருந்தாலும், விற்க அவனது எழுத்துச் சம்மதம் வேணும். ஆள் எங்கே எண்டு தெரியாவிட்டால், இல்லாட்டில் நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட்டு அந்தச் சம்மதத்தைப் பெறலாம். அதுக்குச் சட்டத்தரணி, தவணை, செலவு. நாய் அசையும் சொத்து. நாளைக்கே அவள் நாயை ஆருக்கும் குடுக்கலாம், ஒரு கேள்வியும் இல்லை. நாய் படுத்திருக்கிற வளவை விற்க மட்டும், பத்து வருடமாக அந்தப் படலையைத் திறக்காத ஒருவர் கையெழுத்து வைக்க வேணும்.