பாஸ்ஜீன்: வரலாறும் இயல்புகளும்

பாஸ்ஜீன் என்பது குளோரின் அடங்கிய கடும் நச்சுச் சேர்மம் ஆகும். கார்பனைல் குளோரைடு என்றும் இது அழைக்கப்படுகிறது. ஒரு கார்பன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு, இரண்டு குளோரின் அணுக்கள் ஆகியவை இதன் மூலக்கூறில் உள்ளன. முதல் உலகப்போரில் நச்சு வாயுக்களால் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம் எனக் கணக்கிடப்படுகிறது.

கண்டுபிடிப்பு

1812இல் பிரித்தானிய வேதியியலாளர் ஜான் டேவி, கார்பன் மோனாக்சைடும் குளோரினும் கலந்த கலவையைச் சூரிய ஒளியில் வைத்து இவ்வாயுவைப் பெற்றார். இவர் ஹம்ப்ரி டேவியின் தம்பி. ஒளியால் பிறந்தது என்னும் பொருளில், கிரேக்கச் சொற்களைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார். பின்னர் சாயத் தொழிலில் இது முக்கிய மூலப்பொருளானது. இன்று ஆலைகளில் ஒளிக்குப் பதிலாகக் கரித்தூள் வினையூக்கியாகப் பயன்படுகிறது.

அடையாளங்களும் இயற்பியல் பண்புகளும்

பாஸ்ஜீன் நிறமற்றது. இதன் கொதிநிலை ஏறத்தாழ 8 பாகை செல்சியசு என்பதால் அறை வெப்பநிலையில் வாயுவாக இருக்கும். குளிரூட்டினாலோ அழுத்தினாலோ எளிதில் திரவமாகும். காற்றைவிட ஏறத்தாழ 3.4 மடங்கு அடர்த்தியானதால் தாழ்வான இடங்களில் தேங்கும். நீருடன் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் சிதைகிறது.

குறைந்த செறிவில் இதன் மணம் புதிதாக வெட்டிய புல்லையோ வைக்கோலையோ ஒத்திருக்கும். ஆனால் இந்த மணத்தை நம்பித் தப்ப முடியாது. மூக்கு உணரும் அளவை எட்டும்போதே, பணியிடங்களுக்கு வகுக்கப்பட்ட பாதுகாப்பு வரம்பை அது கடந்திருக்கும்.

போர்க்களத்தில்

1915 டிசம்பர் 19 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு நகருக்கு அருகே, ஜெர்மானியப் படை குளோரினுடன் பாஸ்ஜீனைக் கலந்து பிரித்தானியப் படை மீது ஏவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். குளோரினைச் சுவாசித்தவர் உடனே இருமித் திணறுவார். பாஸ்ஜீனோ தொடக்கத்தில் பெரிய தொல்லை தருவதில்லை. நலமாகத் தோன்றிய வீரர்கள் பல மணி நேரம் கழித்து, நுரையீரலில் நீர் கோத்து இறந்தனர். நுரையீரல் நுண்ணறைகளின் புரதங்களுடன் இவ்வாயு வினைபுரிந்து, இரத்தத்துக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள மெல்லிய தடுப்பைச் சிதைப்பதே இதற்குக் காரணம். இதற்குத் தனி மாற்றுமருந்து இல்லை. பாதுகாப்புக்காக, பாஸ்ஜீனுடன் வினைபுரியும் ஹெக்சமீன் 1916இல் பிரித்தானிய முகமூடிகளில் சேர்க்கப்பட்டது.

1925ஆம் ஆண்டின் ஜெனீவா நெறிமுறை போரில் நச்சு வாயுக்களைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. 1997இல் நடைமுறைக்கு வந்த வேதி ஆயுத உடன்படிக்கை, பாஸ்ஜீன் உற்பத்தியையும் கண்காணிப்பின்கீழ் கொண்டுவந்தது.

தொழிற்சாலைகளில்

பாலியூரித்தேன், பாலிகார்பனேட் நெகிழிகள், பூச்சிக்கொல்லிகள் ஆகியவற்றைத் தயாரிக்க இது தேவைப்படுவதால் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. போபால் யூனியன் கார்பைடு ஆலையில் மெத்தில் ஐசோசயனேட்டுத் தயாரிப்பதற்கான மூலப்பொருள்களுள் பாஸ்ஜீனும் ஒன்று. 1984 டிசம்பரில் மெத்தில் ஐசோசயனேட்டு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1981 டிசம்பரில், அதே ஆலையில் பாஸ்ஜீன் தாக்கி ஒரு தொழிலாளி உயிரிழந்திருந்தார்.

ஆய்வகங்களிலும் இது எதிர்பாராமல் உருவாகலாம். குளோரோஃபார்ம் ஒளியிலும் காற்றிலும் மெல்லச் சிதைந்து பாஸ்ஜீனைத் தருகிறது. குளோரோஃபார்மைப் பழுப்புநிறக் குப்பிகளில், சிறிதளவு எத்தனால் சேர்த்து வைப்பது இதனால்தான். கார்பன் டெட்ராகுளோரைடு நிரப்பிய பழைய தீயணைப்பான்களும் நெருப்பின் வெப்பத்தில் இதே வாயுவை வெளியிட்டன.